அவர் உப்புக் கேட்ட மாதங்கள்

முதலில் அது எனக்கும் அவருக்கும் இடையிலான சண்டையாகத்தான் இருந்தது. "கறியில உப்பு இல்லை" என்பார் என் கணவர். நான் வாயில் வைத்துப் பார்ப்பேன். உப்பு அளவாக இருக்கும். மகளைக் கூப்பிட்டு அவளையும் பார்க்கச் சொல்வேன். அவளும் சரியாக இருக்கிறது என்பாள். அவர் எழும்பிப் போய் உப்புப் போத்தலை எடுத்து வந்து சோற்றின் மேல் தூவிக்கொள்வார். பதினாறு வருடமாக என் கையால் சாப்பிட்ட மனிதர். சமையலைக் குறை சொல்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. ஒருநாள் கோபத்தில் போத்தலை அவருக்கு முன்னால் வைத்து, "இதையே சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, குழந்தை சீனியை நக்குவது போல நக்கினார்.

அப்போது நாங்கள் ரெய்னர்ஸ் லேனில், ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை வீட்டில் இருந்தோம். ஜெர்மனியில் பதினைந்து வருடம் வாழ்ந்துவிட்டு லண்டனுக்கு வந்து மூன்றாவது வருடம். மகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும், தமிழ் ஆட்களுக்குள் வளரட்டும் என்று சொல்லித்தான் வந்தோம். என் கணவரின் தமையனார் கிங்ஸ்பரியில் இருந்தார். அவர் எங்களுக்கு முன்பே நேராக இலங்கையிலிருந்து லண்டனுக்கு வந்தவர். என் கணவர் தமிழ்க் கடைகளில் பிரிட்ஜ், கோல்ட் ரூம் எல்லாம் திருத்துவார். நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தேன். ஜெர்மனியில் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தவள் நான். அங்கேதான் அந்த மொழியை வாசிக்கவும் எழுதவும் பழகினேன். லண்டனில் அது ஒன்றுக்கும் உதவாது என்று நினைத்திருந்தேன். ஆங்கிலம் எனக்கு பஸ்ஸுக்கும் கடைக்கும் போதுமான அளவுதான் இருந்தது. இவருக்கு இரண்டு மொழியும் பேச வரும், ஆனால் வேலை சம்பந்தமாக மட்டும். கம்பிரசரைப் பற்றி யாருடனும் அரை மணித்தியாலம் கதைப்பார். தன் உடம்பைப் பற்றி அவரால் எந்த மொழியிலும் இரண்டு வசனம் சொல்ல முடியாது.

உப்புக்குப் பிறகு களைப்பு வந்தது. வேலையால் வந்தவர் சப்பாத்தைக் கழற்றாமலே படிக்கட்டில் இருந்துவிடுவார். மேலே ஏறப் பத்து நிமிடம் எடுக்கும். பெல்ட்டில் புதிது புதிதாக ஓட்டை போட்டார். காலையில் கட்டிலில் இருந்து எழும்பினால் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். ஒரு கலியாண வீட்டில் தெரிந்த ஒரு பெண் என்னைக் கேட்டாள், "உங்கட மனுசன் நல்லாக் கறுத்துப் போனார். வெயிலுக்குள்ளயோ வேலை?" அது பெப்ரவரி மாதம். லண்டனில் வெயிலைக் கண்டு நாலு மாதம். எனக்கு அவளுடைய கேள்வி பிடிக்கவில்லை. நிறத்தைப் பற்றிக் கதைக்கிற ஆட்களை எனக்கு எப்போதும் பிடிக்காது. அதனால் அவள் சொன்னதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அவள் கண்ணில் பட்டதை நான் கவனித்திருந்தால் இரண்டு மாதம் முந்தியே கண்டுபிடித்திருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

டாக்டரிடம் போனோம். மகளுக்கு அப்போது பதினான்கு வயது. பள்ளிக்கூடத்தில் அனுமதி வாங்கி அவளைக் கூட்டிக்கொண்டு போனோம், மொழிபெயர்க்க. முதல்முறை இரத்தம் கொஞ்சம் குறைவு என்று சொல்லி இரும்புச் சத்துக் குளிசை தந்தார்கள். இரண்டாவது முறை வேறொரு டாக்டர் இருந்தார். அவர் மகளிடம் நீளமாக ஏதோ கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பா, நீங்கள் கவலையா இருக்கிறீங்களோ எண்டு கேக்கிறார்" என்றாள்.

"ஓம்" என்றார் இவர். "வேலை செய்ய ஏலாமல் இருக்கு. கவலைதானே."

அவள் அதில் "ஓம், கவலை" என்பதை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் தலையாட்டிவிட்டு எழுதினார். மருந்துக் கடையில் பெட்டியை வாங்கி வந்து, அதற்குள் இருந்த தாளை மகள் வாசித்தபோதுதான் அது மனச்சோர்வுக்கான மருந்து என்று தெரிந்தது. டாக்டரிலும் பிழை இல்லை, பிள்ளையிலும் பிழை இல்லை. டாக்டர் கேட்ட சொல்லுக்கு அவளிடம் இருந்த தமிழ்ச் சொல் "கவலை" ஒன்றுதான்.

அந்த வாரம்தான் தமையனார் தன் வீட்டில் சும்மா இருந்த கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து எங்கள் முன் அறையில் வைத்தார். "டாக்டர் பத்து நிமிசம்தான் தருவார். இது எவ்வளவு நேரமெண்டாலும் தரும். தேடிப் பாப்பம்" என்றார். அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் தொடங்கின. சாப்பிட்டு முடிய நான் தேத்தண்ணி ஊற்றுவேன். மகள் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருப்பாள். நான் அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரையில். தமையனார் மூக்குக்கண்ணாடியோடு பின்னால் நிற்பார். யாருடைய உடம்பைப் பற்றித் தேடுகிறோமோ அவர் மட்டும் சோபாவில் சாய்ந்து, திரையைப் பார்க்காமல், "வாசியுங்கோ, கேக்கிறன்" என்பார்.

மகள் ஆங்கிலத்தில் தேடுவாள். அவள் களைத்தால் நான் விசைப்பலகையை என் பக்கம் இழுத்து ஜெர்மனில் தேடுவேன். லண்டன் வீட்டில், ஒரு தமிழ் மனிதனின் களைப்பைப் பற்றி ஜெர்மன் வைத்தியர்கள் என்ன சொல்கிறார்கள் என்று நான் வாசித்து, தமிழில் சொல்வேன். தமையனாருக்குத் தமிழ்ப் பக்கங்கள்தான் நம்பிக்கை. அவற்றில் பெரும்பாலும் பாகற்காய்ச் சாறும் வேப்பிலையும்தான் இருந்தன. ஒரு கிழமை அவர் ஒரு பை நிறையப் பாகற்காயோடு வந்தார். தம்பி அண்ணனுக்கு மரியாதைக்காக ஒரு டம்ளர் குடித்துவிட்டு, ஓடிப்போய் சத்தி எடுத்தார். அதற்குப் பிறகு தமையனார் தமிழ்ப் பக்கம் போகவில்லை.

களைப்பு என்று போட்டால் உலகத்தில் உள்ள எல்லா நோய் வருத்தமும் வந்தது. மெலிவு என்று சேர்த்துப் போட்டால் புற்றுநோய் வந்தது. எந்த வழியால் போனாலும் மூன்றாவது பக்கத்தில் புற்றுநோய் நின்றது. மகள் அந்தச் சொல்லை ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "கொஞ்சம் சீரியஸான வருத்தம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவாள்.

மூன்றாவது ஞாயிறோ நாலாவது ஞாயிறோ, அவள் வாசிக்கும் விதத்தை நான் கவனிக்கத் தொடங்கினேன். திரையில் ஒரு பெரிய பந்தி இருக்கும். அவள் கண் அதன் மேல் மெதுவாக இறங்கும். பிறகு தமிழில் இரண்டே இரண்டு வசனம் சொல்வாள். "நல்லாச் சாப்பிட வேணுமாம். ஓய்வு எடுக்க வேணுமாம்." அவ்வளவு பெரிய பந்தியில் இவ்வளவுதான் இருக்குமா என்று நினைத்தேன், ஆனால் கேட்கவில்லை. அவளுடைய முறை முடிந்ததும் அதே வருத்தத்தின் பெயரை ஜெர்மனில் போட்டுப் பார்த்தேன். அவள் வாசித்த அதே விஷயம் வந்தது. அவள் விட்ட வசனமும் அங்கே இருந்தது. கவனிக்காமல் விட்டால் உயிருக்கு ஆபத்து என்று எழுதியிருந்தது. இவர் சோபாவில் இருந்து, "என்னவாம்?" என்று கேட்டார்.

"நல்லாச் சாப்பிட வேணுமாம்" என்றேன் நான்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு ஜெர்மன் தெரியும். பதினொரு வயது வரை அங்கே படித்தவள். திரையில் இருந்ததை அவளும் வாசித்துவிட்டாள். ஒரே வரியை நாங்கள் இரண்டு பேரும் இரண்டு மொழியில் மறைத்துக்கொண்டிருந்தோம்.

பாத்திரம் கழுவும்போது அவளிடம் கேட்டேன். அவள் துவாயால் ஒரு கோப்பையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். காய்ந்த கோப்பையைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"எவ்வளவு காலமா இப்பிடி விட்டுவிட்டு வாசிக்கிறாய்?"

"முதல் நாளில இருந்து" என்றாள். பிறகு, "பள்ளிக்கூட லைப்ரரியிலயும் தேடுறனான். லஞ்ச் டைமில. ஞாயிற்றுக்கிழமை என்ன வரும் எண்டு முதலே தெரிஞ்சால் நான் முகத்தை ஒழுங்கா வச்சிருக்கலாம்."

எனக்குக் கை நின்றுவிட்டது. என் பிள்ளை மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு, தகப்பன் செத்துப்போவாரா என்று தனியாக இருந்து தேடியிருக்கிறாள். அதைச் சொல்லும்போதும் அழவில்லை. அழுதது நான்தான். முதியோர் இல்லத்தில் எத்தனையோ சாவைப் பார்த்தவள். ஒரு குழந்தை இப்படி முகத்தைப் பழக்கி வைத்திருந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

"இனித் தனியாத் தேடக்கூடாது" என்றேன். "வாசிக்கிறதை முழுசா எனக்குச் சொல்லு. பயப்படுறது என்ர வேலை, உன்ர வேலை இல்லை."

"அப்பாவுக்கு?"

"அப்பாவுக்கு என்ன சொல்லுறது எண்டு நாங்கள் ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுப்பம்."

அவள் அப்போதுதான் கோப்பையைக் கீழே வைத்தாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் வாசிக்கும் வேகம் மாறியது. தெரியாத சொல் வந்தால் நிறுத்துவாள். எனக்கு ஜெர்மனில் சொல்லுவாள். நான் தமிழுக்குக் கொண்டுவருவேன். உதவாது என்று நான் நினைத்த அந்த மொழி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நன்றாகவே வேலை செய்தது.

அதோடு இன்னொன்றும் செய்தேன். முதியோர் இல்லத்தில் ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் ஒரு புத்தகத்தில் எழுதி வைப்போம். இந்த அறையில் இருப்பவர் எவ்வளவு குடித்தார், என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்குத் தடுமாறினார் என்று. எங்களுக்குப் பொறுப்பாக இருந்த ஜெர்மன் பெண்மணி அடிக்கடி சொல்லுவார்: நோயாளி சொல்வதை எழுதாதே, நீ கண்டதை எழுது. நான் மகளின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து, இரண்டு கிழமை என் கணவரைப் பற்றி எழுதினேன். காலையில் எழும்பித் தடுமாறியது. மத்தியானம் சாப்பிடாமல் திரும்பி வந்த டப்பா. தேசிக்காய் ஊறுகாயைச் சோறு இல்லாமல் கரண்டியால் சாப்பிட்டது. ரசத்தில் உப்புப் போட்டுக் குடித்தது. மாலையில் கால் இழுத்தது.

அடுத்த ஞாயிறு அதை வாசித்தேன். வாசித்து முடிக்க மகள் சொன்னாள், "அம்மா, ஒவ்வொரு நாளும் உப்பு இருக்கு."

"அது உன்ர அப்பாவின்ர வாய்க்கொழுப்பு" என்றேன்.

"இல்லை, உப்பைப் போட்டுத் தேடுவமா?"

நாங்கள் அத்தனை கிழமையும் உப்பைத் தேடவில்லை. அது வருத்தம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அது புருசன் பெண்சாதிச் சண்டை. அவள் களைப்பு, தலைச்சுற்று, மெலிவு, உப்பு என்று நாலையும் சேர்த்து ஆங்கிலத்தில் அடித்தாள். பிறகு நான் ஜெர்மனில் அடித்தேன். உப்புப் பசி என்று அந்த மொழியில் ஒரு தனிச் சொல்லே இருக்கிறது. இரண்டு மொழியும் முதல் தடவையாக ஒரே இடத்தில் போய் நின்றன. சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி போல இருக்கும் சின்னச் சுரப்பி ஒன்று. அது வேலை செய்யாமல் விட்டால் உடம்பு உப்பைப் பிடித்து வைத்திருக்காது, இரத்த அழுத்தம் விழும், ஆள் மெலிந்து களைத்துப்போவார், தோல் கறுக்கும்.

தோல் கறுக்கும் என்று மகள் வாசித்தபோது எனக்கு அந்தக் கலியாண வீட்டுப் பெண் நினைவுக்கு வந்தாள்.

பக்கத்தில் படங்களும் இருந்தன. எல்லாம் வெள்ளைக்காரர்கள். விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போய் வந்தவர்கள் போல இருந்தார்கள். தமையனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார், "எங்கட நிறத்தில இது எப்பிடித் தெரியும்?" நல்ல கேள்வி. ஒரு பக்கத்திலும் அதற்குப் பதில் இல்லை. இன்னும் கீழே போனோம். நோயாளிகள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் இடம் ஒன்றில், தன் பெற்றோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிய ஒரு பெண் எழுதியிருந்தாள்: முகத்தைப் பார்க்காதீர்கள், உள்ளங்கைக் கோடுகளைப் பாருங்கள், பல்லைச் சுற்றிய முரசைப் பாருங்கள், பழைய காயத் தழும்பைப் பாருங்கள். அவள் யார், எந்த ஊர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"இஞ்சாருங்கோ, ஒருக்கா எழும்பி வாங்கோ" என்றேன்.

இவர் வந்தார். யன்னலுக்குப் பக்கத்தில், வெளிச்சத்தில் அவருடைய கையை விரித்துப் பிடித்தேன். உள்ளங்கைக் கோடுகள் மையால் கீறியது போல இருந்தன. தமையனார் தன் கையை அதற்குப் பக்கத்தில் விரித்தார். ஒரே தாய் தகப்பனின் பிள்ளைகள், ஒரே நிறம். தமையனாரின் கோடுகள் இளஞ்சிவப்பாக இருந்தன. மணிக்கட்டுக்கு மேலே, முந்தின வருடம் தகரம் வெட்டிய தழும்பு தம்பிக்குக் கன்னங்கரேலென்று இருந்தது. மகள், "அப்பா, வாயைத் திறவுங்கோ" என்றாள். முரசில் திட்டுத் திட்டாகக் கறுப்பு. நான் தினமும் பார்க்கும் முகம், தினமும் பிடிக்கும் கை. எனக்கு அது தெரியவில்லை.

"என்ன, ஆள் போற கேசோ?" என்று கேட்டார் இவர். சிரிக்க முயன்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் தகப்பனிடம் நேராகச் சொன்னாள், "கவனிக்காட்டில் ஆபத்தாம் அப்பா. கண்டுபிடிச்சால் குளிசை இருக்காம். குளிசை போட்டால் எல்லாரையும் மாதிரி வாழலாமாம்." முழுவதையும் சொன்னாள். ஒரு வரியும் விடவில்லை.

இனி இதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று அன்று மாலை வரை கதைத்தோம். இன்டர்நெட்டில் பார்த்தோம் என்று சொன்னால் டாக்டருக்குக் கோபம் வரும் என்று நான் பயந்தேன். தமையனார்தான் வழி சொன்னார். அவர் அகதி விண்ணப்பத்தோடு வருடக் கணக்காகக் குரோய்டனில் இருக்கும் குடிவரவு அலுவலகத்துக்கு அலைந்த மனிதர். அந்தக் காலத்து ஒவ்வொரு துண்டுக் கடதாசியும் இன்றும் அவரிடம் பைலில் இருக்கிறது. "கதைச்சால் மறந்துபோவினம். பேப்பரில குடுங்கோ" என்றார். "ஒரு பக்கம்தான். ரெண்டாவது பக்கத்தை ஒருத்தரும் வாசிக்க மாட்டினம். வருத்தத்தின்ர பேரை எழுதாதேங்கோ. நாங்கள் கண்டதை மட்டும் எழுதுவம். கடைசியில ஒரு கேள்வியாக் கேப்பம்."

நான் கொப்பியிலிருந்து சொல்ல, மகள் ஆங்கிலத்தில் அடித்தாள். எத்தனை கிலோ குறைந்தது, எப்போது முதல் தலைச்சுற்று, உப்பு, உள்ளங்கை, முரசு, தழும்பு. கடைசி வரி: இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சுரப்பி சம்பந்தமான பிரச்சினையாக இருக்குமா என்று சோதிக்க முடியுமா? தமையனார் அந்த வசனத்தை நாலு தடவை திருத்தினார், மரியாதையாக இருக்க வேண்டும் என்று.

செவ்வாய்க்கிழமை போனோம். இந்த முறை இருந்தது வயதான ஒரு பெண் டாக்டர். கடதாசியை வாங்கி மேலோட்டமாகப் பார்த்து மேசையில் வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பிறகு கதிரையை முன்னால் இழுத்து, இவருடைய கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். கட்டிலில் படுக்கச் சொல்லி இரத்த அழுத்தம் பார்த்தார். எழும்பி நிற்கச் சொல்லி மறுபடி பார்த்தார். எழும்பி நின்றபோது இவர் சாய்ந்துவிட்டார். டாக்டரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம்.

"இதை எழுதினது யார்?" என்று டாக்டர் மகளைக் கேட்டார். அந்த ஆங்கிலம் எனக்கும் விளங்கியது.

"எல்லாரும்" என்றாள் மகள்.

டாக்டர் அந்த இடத்திலிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தார். காத்திருக்க வேண்டாம், இப்போதே போங்கள் என்றார். தமையனார் வேலையை விட்டுவிட்டு வந்து எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அன்றே இரத்தம் எடுத்தார்கள், சேலைன் ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள். சோடியம் மிகவும் கீழே போயிருந்ததாம். இன்னும் ஒரு கிழமை பிந்தியிருந்தால் என்று ஒரு டாக்டர் சொல்லத் தொடங்கி, அந்த வசனத்தை முடிக்காமல் விட்டார். அவர் விட்ட பாதி எனக்கு எந்த மொழியிலும் தேவைப்படவில்லை.

ஆஸ்பத்திரியில் நடந்த ஒரு விஷயத்தை நான் எப்போதும் நன்றியோடு நினைப்பேன். பெரிய டாக்டர் வந்து நோயைப் பற்றி விளக்கத் தொடங்கியபோது, மகள் வழக்கம்போல எழும்பிக் கட்டிலின் தலைமாட்டுக்குப் போய் நின்றாள், மொழிபெயர்க்க. அங்கிருந்த கறுப்பின நேர்ஸ் அம்மா அவளுடைய தோளில் கை வைத்து, "இன்றைக்கு நீ மகளாக மட்டும் இருந்தால் போதும்" என்று சொல்லி, அவளைத் தகப்பனின் கைப்பக்கம் இருத்தினார். பிறகு போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரை எடுத்துத் தந்தார். அந்தப் பெண் தமிழ்நாட்டுக்காரி. "ஆமாங்க, டாக்டர் சொல்றது என்னன்னா" என்று தொடங்குவார். இவர், "ஓம், ஓம், விளங்குது" என்பார். அங்கே ஆமாவும் இங்கே ஓமுமாக அரை மணித்தியாலம் போனது. மகள் ஒரு சொல்லும் பேசாமல் தகப்பனின் விரல்களைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். கொஞ்ச நேரத்தில் தலையைக் கட்டிலில் சாய்த்து நித்திரையாகிவிட்டாள். அவ்வளவு மாதத்தில் அவள் அப்படி நித்திரை கொண்டதை நான் காணவில்லை.

மூன்றாம் நாள் இவர் எழும்பி இருந்து பசிக்கிறது என்றார். ஐந்தாம் நாள் வார்டில் இருந்த தண்ணீர்க் குளிரூட்டியின் சத்தம் சரியில்லை என்று சொன்னார். அதைக் கேட்டதும் ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

வீட்டுக்கு வரும்போது குளிசைகளும், வருத்தத்தையும் மருந்தையும் எழுதிய, எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டிய ஒரு நீல அட்டையும், அவசரத்துக்கு ஓர் ஊசியும் தந்தார்கள். குளிசையை ஒருநாளும் நிறுத்தக்கூடாது, காய்ச்சல் வந்தால் கூட்ட வேண்டும் என்றார்கள். ஊசி போடப் பழகியது நான். தமையனார் அந்த அட்டையைத் தமிழில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, தனக்கு ஒன்று, எங்கள் சமையலறைச் சுவருக்கு ஒன்று, இவர் வேலைக்கு ஓட்டும் வானுக்கு ஒன்று என்று தந்தார்.

சில கிழமை கழித்து அந்த வயதான டாக்டரிடம் நன்றி சொல்லப் போனோம். நான் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோனேன். அவர் ஒரு விஷயம் சொன்னார். இன்டர்நெட்டில் எடுத்த கடதாசிக் கட்டுகளோடு கிழமைக்கு எத்தனையோ பேர் வருகிறார்களாம். பெரும்பாலும் பிழையாகத்தான் இருக்குமாம். "நீங்கள் கொண்டுவந்தது அது இல்லை. நீங்கள் உங்கள் ஆளைப் பார்த்து எழுதிக் கொண்டுவந்தீர்கள்" என்றார். மகள் அதைத் தமிழில் சொன்னபோது எனக்கு என் ஜெர்மன் பொறுப்பாளர் நினைவுக்கு வந்தார். அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவரிடமிருந்து பதில் வந்தது, நாலே வரியில், எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்தி.

அந்த நோயாளிகள் இடத்தில் எழுதிய பெண்ணுக்கும் மகள் ஒரு நன்றி எழுதிப் போட்டாள். அதற்குப் பதில் வரவில்லை. வாசித்திருப்பாள் என்று நம்புகிறேன்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தோம். செய்தி பரவி, தெரிந்தவர்கள் தங்கள் கடிதங்களோடும் குளிசைப் பெட்டிகளோடும் வரத் தொடங்கினார்கள். ஒருவருக்குச் சீனி வருத்தம், ஒருவருக்கு முழங்கால். கலியாண வீட்டில் என்னைக் கேட்ட அந்தப் பெண்ணும் தன் தாயின் ஸ்கேன் கடிதத்தோடு வந்தாள். நான் அவளுக்கு எல்லாரையும் விட அதிக நேரம் கொடுத்தேன். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் பிள்ளைகளை வைத்து வாசிப்பிக்க நான் விடவில்லை. எனக்கே ஆங்கிலம் வேண்டும் என்று கவுன்சில் நடத்திய மாலை வகுப்பில் சேர்ந்தேன். இவரும் கூடவே வந்தார், எனக்குத் துணைக்கு என்று சொல்லி.

அடுத்த வருடம் வசந்தத்தில் இவருக்கு ஆஸ்பத்திரியில் செக்-அப் இருந்தது. மகளுக்கு அன்று பரீட்சை ஒன்றும் இல்லை, வாறன் என்றாள். இவர் வேண்டாம் என்றார். என்னையும் வேண்டாம் என்றார். காலையில் சேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, தனியாகப் போனார். நான் வேலையில் மணிக்கூட்டைப் பார்த்தபடியே இருந்தேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அவர் குசினியில் நின்று முட்டை பொரித்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி?" என்றேன்.

"நானே கதைச்சனான்" என்றார். "எங்க நோகுது, எப்ப களைக்குது, ராவில எத்தினை தரம் எழும்புறன், எல்லாம் சொன்னனான். டாக்டர் ஒண்டும் திருப்பிக் கேக்கேல்லை."

"விளங்கினதோ அவருக்கு?"

"விளங்காமல்? நீர் ஒருக்கா வந்து பாத்திருக்க வேணும்" என்றார். கம்பிரசரைப் பற்றிக் கதைக்கும்போது வரும் அதே முகம்.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் பள்ளிக்கூடத்திலிருந்து போன் எடுத்தாள். முதலில் அப்பா எப்படி என்று கேட்டாள். சொன்னேன். பிறகு, "அப்ப நான் பள்ளிக்கூடம் முடிய பிரெண்ட்ஸோட ஹரோவுக்குப் போட்டு வரட்டோ? சும்மாதான். கடை பாக்க" என்றாள்.

லண்டனுக்கு வந்த நாளிலிருந்து அவள் அப்படி ஒன்று கேட்டதில்லை.

"போட்டு வா" என்றேன். "அவசரப்படாமல் ஆறுதலா வா."